வீடியோ கேம் ஒலிக்காக ஒரு செயற்கை நுண்ணறிவு நிறுவனம் தொடங்குவது எப்படி

ஒரு வரியில் விவரித்தால் போதும், வாள் மோதும் ஓசையையோ தகரக் கூரையில் மழை விழும் ஓசையையோ சில நொடிகளில் உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் (மாடல்கள்) இன்று பலருக்கும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. டீப்மைண்ட் 2016-இல் வேவ்நெட்டை அறிமுகப்படுத்தியபோது, ஒலியலையை ஒவ்வொரு சாம்பிளாக (நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரும் ஒலி அளவீடுகளில் ஒவ்வொன்றாக) கணித்தே பேச்சை உருவாக்க முடியும் என்பது பெரிய செய்தியாக இருந்தது. 2023-இல் கூகுளின் மியூசிக்எல்எம்மும் மெட்டாவின் மியூசிக்ஜென்னும் வந்த பிறகு, எழுத்திலிருந்து ஒலி பிறப்பது அன்றாட நிகழ்வாகிவிட்டது. ஆகவே, ஒலியை உருவாக்கும் திறன் ஒன்றை மட்டுமே நம்பி நிறுவனம் தொடங்குபவருக்கு விற்பதற்கு அதிகம் மிஞ்சாது. விளையாட்டுத் தயாரிப்பாளர் பணம் கொடுப்பது இரண்டு உறுதிகளுக்காக. வாங்கிய ஒலி தன் விளையாட்டுக்குள் பிசகாமல் இயங்க வேண்டும். விளையாட்டு வெளியான பிறகு அந்த ஒலியின் மீது எவரும் உரிமை கோரி வரக்கூடாது. இவ்விரண்டையும் தரக்கூடிய நிறுவனத்தை எப்படிக் கட்டுவது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

விளையாட்டின் ஒலி கேட்பது என்ன

திரைப்படத்தில் கதவு எந்த நொடியில் திறக்கும் என்பது படத்தொகுப்பு முடிந்த நாளிலேயே உறுதியாகிவிடும். விளையாட்டில் அதே கதவை ஒருவர் ஒருமுறை திறப்பார், இன்னொருவர் பொழுது போகாமல் ஐம்பது முறை திறந்து மூடுவார். ஒரே கோப்பு திரும்பத் திரும்ப ஒலித்தால் காது அதைச் சட்டென்று கண்டுகொண்டு சலித்துவிடும் என்பதால், ஒவ்வொரு நிகழ்வுக்கும் பல வேறுபாடுகள் தேவைப்படுகின்றன. காலடி ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மண், கல், மரம், நீர் என்று 8 வகைத் தரைகள். நடை, ஓட்டம், பதுங்கல், குதித்து இறங்கல் என்று 4 அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் 6 வேறுபாடுகள் என்று வைத்தாலே 192 கோப்புகள் ஆகின்றன. கதாபாத்திரம் இரண்டு வகைக் காலணி அணிந்தால் அது 384 ஆகும். இவை அனைத்தும் ஒரே மனிதரின் காலடிகளாகக் கேட்க வேண்டும், ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக்கூடாது. செயற்கை நுண்ணறிவு உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இதுதான். சுருதியைச் சற்றே ஏற்றி இறக்கி வேறுபாடு காட்டும் பழைய வழி, விளையாட்டை இயக்கும் மென்பொருளான எஞ்சின்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. கற்கள் நெரிபடும் விதமே மாறுகின்ற வேறுபாட்டை அந்த வழியால் தர முடியாது.

இசைக்கும் இதே நிலைதான். ஆட்டக்காரர் எப்போது சண்டையில் இறங்குவார் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியாது. 1990-களின் தொடக்கத்தில் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் அமைப்பு, ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ப ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு இசையைத் தடுக்காமல் நகர்த்தியது. அடுக்குகளாகப் பிரித்த இசையில் தேவையான அடுக்கைச் சேர்ப்பதும் நீக்குவதும், துண்டுகளைத் தாளம் தவறாமல் மாற்றிக் கோப்பதும் இன்றும் விளையாட்டு இசையின் அடிப்படையாக இருக்கின்றன. மூன்று நிமிடப் பாடலை ஒரே கோப்பாகக் கொட்டும் மாதிரி எவ்வளவு இனிமையாக இசைத்தாலும் இந்த வேலைக்கு உதவாது. ஒரே வேகத்திலும் ஒரே சுருதியிலும் அமைந்த தனித்தனி அடுக்குகளைத் தரும் கருவிக்குத்தான் இங்கே மதிப்பு உண்டு.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

இசை, குரல், விளைவொலி (காலடி, வாள்மோதல் போன்றவை), சூழல் ஒலி ஆகிய நான்கையும் ஒருங்கே செய்து தருவதாக அறிவிக்கும் புதிய நிறுவனம் நான்கிலும் அரைகுறையாக நின்றுவிடும். என் பரிந்துரை, விளைவொலிகளின் வேறுபாடுகளை உருவாக்குவதில் தொடங்குவது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஒலி வடிவமைப்பாளர் தம் கையால் செய்த ஒரு நல்ல ஓசையைக் கொடுத்து, அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இருபது ஓசைகளைக் கேட்கும்போது, கலைத் தீர்மானம் அவரிடமே இருக்கிறது. சலிப்பூட்டும் பகுதியை மட்டும் கருவி சுமக்கிறது. இதனால் அவர் உங்களைத் தம் வேலையைப் பறிக்க வந்தவராகப் பார்ப்பதில்லை. மேலும் இந்த ஓசைகள் குறுகியவை. ஒரு நொடியிலோ இரண்டு நொடிகளிலோ முடிந்துவிடுபவை. ஆகவே கணினிச் செலவும் குறைவு, தரத்தை மதிப்பிடுவதும் எளிது.

எந்த வேலையைத் தேர்ந்தாலும், நிரல் எழுதும் முன் அதை இப்போது கையால் செய்துகொண்டிருப்பவர்களோடு அமர்ந்து பாருங்கள். எந்தக் கோப்பைத் தேடுவதில் அவர் நேரம் போகிறது, எதை மூன்று முறை திருத்துகிறார், எந்தக் கட்டத்தில் வேண்டாமென்று விட்டுவிடுகிறார் என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியை உருவாக்குவதைவிட, உருவாக்கியவற்றைப் பெயரிட்டு, வெட்டி, எஞ்சினுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பெரும்பொழுது கழிகிறது என்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். உங்கள் முதல் தயாரிப்பு அந்த இடத்தில்கூடப் பிறக்கலாம்.

பயிற்சித் தரவும் அதன் உரிமையும்

இந்தப் பகுதியில் சோம்பல் காட்டினால் பின்னால் எவ்வளவு பணம் வந்தாலும் சரிசெய்ய முடியாது. 2024 ஜூனில் பெரிய இசைப்பதிவு நிறுவனங்கள் சூனோ, யூடியோ ஆகிய இரண்டு இசை உருவாக்கச் சேவைகள் மீது அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்தன. தங்கள் பதிவுகள் அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தப்பட்டன என்பதே குற்றச்சாட்டு. விளையாட்டு வெளியீட்டாளர்களின் சட்டப் பிரிவினர் இத்தகைய வழக்குகளைக் கூர்ந்து கவனிக்கிறார்கள். அவர்கள் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வியே, மாதிரி எதிலிருந்து கற்றது என்பதாகத்தான் இருக்கும்.

வெளிப்படையாகக் கிடைக்கும் மாதிரியை எடுத்துத் தொடங்குவதென்றால், நிரலின் உரிமத்தையும் மாதிரியின் எடைகளுக்கான (பயிற்சியில் அது கற்ற எண்களுக்கான) உரிமத்தையும் தனித்தனியே படியுங்கள். மியூசிக்ஜென்னின் நிரல், வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. ஆனால் மெட்டா வெளியிட்ட எடைகள் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பைப் பொதுவில் பகிர்வதற்கான) உரிமத்தில் இருக்கின்றன. நிரலின் உரிமத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தயாரிப்பைக் கட்டத் தொடங்குபவர், விற்கும் நேரத்தில்தான் தடுப்பை எதிர்கொள்வார். ஸ்டெபிலிட்டி ஏஐ 2024-இல் வெளியிட்ட ஸ்டேபிள் ஆடியோ ஓப்பன் என்ற மாதிரி, ஃப்ரீசவுண்ட், ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் ஆகிய இணைய ஒலிக் களஞ்சியங்களின் கிரியேட்டிவ் காமன்ஸ் பதிவுகளில் பயின்றது, 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 47 நொடிகள் வரையிலான ஒலியைத் தரக்கூடியது. தரவின் மூலம் தெரிந்த மாதிரி என்பதால் தொடங்குவதற்கு ஏற்றது. ஆயினும் அதன் எடைகளுக்கும் தனி உரிமமும், வருவாய் வரம்பை ஒட்டிய நிபந்தனையும் உண்டு.

ஃப்ரீசவுண்ட் போன்ற களஞ்சியத்திலிருந்து நீங்களே தரவு திரட்டினால், ஒவ்வொரு கோப்பும் எந்த உரிமத்தில் இருக்கிறது என்று பிரித்தெடுக்க வேண்டும். உரிமை முழுவதையும் துறந்த சிசி0 கோப்புகளில் சிக்கல் குறைவு. பெயர் குறிப்பிடக் கோரும் உரிமத்தில் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கோப்புகளைத் தொடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய ஒலித் தொகுப்புகளிலும் எச்சரிக்கை தேவை. ஓசையை விளையாட்டில் பயன்படுத்துவதற்கு வாங்கிய அனுமதி, அதைக் கொண்டு மாதிரிக்குப் பயிற்சி அளிப்பதற்கான அனுமதி ஆகாது. அதை வெளிப்படையாகத் தடைசெய்யும் வாசகத்தைப் பல தொகுப்புகள் தங்கள் ஒப்பந்தங்களில் சேர்த்திருக்கின்றன.

இவற்றையெல்லாம்விட நல்ல வழி, ஒலிப்பதிவுக் கலைஞர்களோடு நேரடி ஒப்பந்தம் செய்துகொண்டு சொந்தத் தரவைச் சேர்ப்பது. அதற்குச் செலவாகும், ஆனால் போட்டியாளர் எளிதில் பெற முடியாத சொத்து அதுவே. ஒப்பந்தத்தில் பயிற்சிக்கான உரிமை, பயின்ற மாதிரியை விற்பதற்கான உரிமை, காலவரையறை, ஊதியம், கலைஞர் பின்னர் விலக விரும்பினால் என்ன செய்வது என்பவை தெளிவாக எழுதப்பட வேண்டும். மாதிரி ஏற்கெனவே கற்றுவிட்டதை மறக்கச் செய்வது எளிதல்ல என்பதால், அடுத்த பதிப்பிலிருந்து அவருடைய பதிவுகள் நீக்கப்படும் என்பதே நீங்கள் நேர்மையாகக் கொடுக்கக்கூடிய வாக்குறுதி. பதிவுகளைக் கொடுத்த கலைஞர்களுக்கு வருவாயில் ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். அவர்கள் காடுகளிலும் பட்டறைகளிலும் நின்று பதிவு செய்த உழைப்புதான் உங்கள் மாதிரியின் ஒவ்வொரு ஓசைக்கும் அடித்தளம்.

முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வைத்திருங்கள். ஒவ்வொரு பயிற்சிக் கோப்புக்கும் அதன் ஹாஷ் மதிப்பு (கோப்பை அடையாளம் காட்டும் கைரேகை போன்ற எண்), மூலம், உரிமத்தின் நகல், பெற்ற நாள், எந்த மாதிரிப் பதிப்பில் பயன்பட்டது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அதோடு, உருவான ஒவ்வொரு ஒலியையும் பயிற்சித் தரவோடு ஒப்பிட்டு, ஏதேனும் ஒன்றின் நகலாக வந்துவிட்டதா என்று சோதிக்கும் அமைப்பும் தேவை. சிறிய தரவில் நீண்ட நேரம் பயின்ற மாதிரிகள் கற்றதை அப்படியே ஒப்பிப்பது உண்டு.

உருவான ஒலி யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி. பிராம்ப்ட் (மாதிரிக்குக் கொடுக்கும் எழுத்துக் கட்டளை) எழுதியது மட்டுமே மனிதப் பங்கு என்றால் அந்தப் படைப்புக்குப் பதிப்புரிமை கிடைக்காது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. மனிதர் தேர்ந்து, அடுக்கி, திருத்திய பகுதிகளுக்கு அது கிடைக்கலாம். எனவே வடிவமைப்பாளர் எந்த ஓசையைக் கொடுத்தார், எதை வெட்டினார், எவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தார் என்ற வரலாற்றை உங்கள் கருவி தானாகவே சேமித்துவைத்தால், வாடிக்கையாளருக்கு அது பெரும் பாதுகாப்பு.

எஞ்சினுக்குள் போக வேண்டிய கோப்பு

உலாவியில் கேட்கும்போது மயக்கும் ஓசை, விளையாட்டுக்குள் வைத்ததும் பல்லிளிப்பது உண்டு. பரவல் முறை மாதிரிகள் (இரைச்சலிலிருந்து படிப்படியாக ஒலியை வடிப்பவை) பெரும்பாலும் ஓசையோடு ஓர் அறையின் எதிரொலியையும் சேர்த்தே உருவாக்குகின்றன. எஞ்சின் தன் எதிரொலியை அதன்மேல் சேர்க்கும்போது, திறந்த வெளியில் நிற்கும் கதாபாத்திரம் குளியலறையில் நடப்பதுபோல் கேட்கும். எனவே எதிரொலி இல்லாத உலர்ந்த ஓசையைத் தரும்படி மாதிரியைப் பழக்குவது அவசியம். விளையாட்டு உலகில் ஓரிடத்திலிருந்து வரவேண்டிய ஓசைகள் மோனோவாக (ஒற்றைத் தடமாக) இருப்பது நல்லது. திசையையும் தொலைவையும் எஞ்சினே கணக்கிட்டுக்கொள்ளும். ஓசையின் வால்பகுதி பாதியில் அறுபடாமல் இயல்பாக அடங்க வேண்டும். தொடக்கத்தில் வெற்று மில்லிநொடிகள் இருந்தால் அடி விழுந்த பிறகே ஓசை வருவதாக ஆட்டக்காரர் உணர்வார்.

சூழல் ஒலிகள் இடைவெளியின்றிச் சுழல வேண்டும். எம்பி3 வடிவம் கோப்பின் முன்னும் பின்னும் சிறு வெற்றிடத்தைச் சேர்ப்பதால் சுழலும் இடத்தில் தடுக்கும். ஆகவே மூலக் கோப்பை வேவ் வடிவில் கொடுத்து, தேவைப்படும் இடத்தில் ஆக் வோர்பிஸ் என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றுவதே வழக்கம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது தொழில்முறையில் எதிர்பார்க்கப்படும் தரம். அந்தத் தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலி ஏறத்தாழ 17 மெகாபைட் இடம் பிடிக்கும். மியூசிக்ஜென் 32 கிலோஹெர்ட்ஸில்தான் ஒலியைத் தருகிறது. அதை 48-க்கு உயர்த்தி எழுதுவதால் மேல் அலைவரிசைகள் தாமாக வந்துவிடாது என்பதை வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள்.

ஒலியளவுக்கும் நெறி உண்டு. முழு விளையாட்டின் சராசரி ஒலியளவு வீட்டுக் கன்சோல்களில் -24 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) அளவிலும் கையடக்கக் கருவிகளில் -18 அளவிலும் இருக்கலாம் என்பது சோனியின் ஒலிக் குழு வகுத்த பரிந்துரை. இது மொத்தக் கலவைக்கான அளவு. தனி ஓசை ஒவ்வொன்றையும் அந்த எண்ணுக்கு உயர்த்துவது தவறு. உங்கள் கருவி செய்ய வேண்டியது, ஒரே குடும்பத்தின் இருபது வேறுபாடுகளும் காதுக்கு ஒரே அளவில் கேட்கும்படி பார்த்துக்கொள்வது.

ஆடியோகைனடிக்கின் வைஸ், ஃபயர்லைட் டெக்னாலஜீஸின் எஃப்மாட் ஆகிய இரண்டு மிடில்வேர்களும் (ஒலிக்கும் எஞ்சினுக்கும் இடையே இயங்கும் மென்பொருள்கள்) யூனிட்டி, அன்ரியல், கொடோ ஆகிய எஞ்சின்களும் ஒலி வடிவமைப்பாளர்கள் வாழும் இடங்கள். கோப்பைப் பதிவிறக்கி, பெயர் மாற்றி, இழுத்துப் போடும் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். அவருடைய அமைப்புக்குள்ளேயே ஒரு செருகுநிரலாக (பிளகின்) உட்கார்ந்து, உருவான வேறுபாடுகளை உரிய கொள்கலனில் உரிய பெயரோடு வைத்துவிடுங்கள். இந்த ஒரு வசதிக்காகவே உங்கள் கருவியை வைத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள்.

ஆட்டம் நடக்கும்போதே உருவாக்குவது

முதலீட்டாளர்களுக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும். தொடக்க நிறுவனம் இதைத் தள்ளிவைப்பதே நல்லது. நொடிக்கு 60 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் விளையாட்டில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடிகள், 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள்கள் கொண்ட ஒலித் தாங்ககம் (ஒலிக்கக் காத்திருக்கும் துண்டு) 10.7 மில்லிநொடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த துண்டு வந்து சேராவிட்டால் ஒலி வெட்டுப்படும். வரைகலைச் செயலியைப் படக்காட்சியே பயன்படுத்திக்கொண்டிருக்கும். வலைவழிச் சேவையை நம்பினால் தாமதமும், விளையாடும் ஒவ்வொரு மணிக்கும் கட்டணமும் ஏறும். இதில் இறங்கியே தீர வேண்டுமென்றால், ஒலியலையை உருவாக்காமல், முன்பே உருவாக்கி வைத்த அடுக்குகளில் எது எப்போது ஒலிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் சிறிய மாதிரியைக் கட்டுங்கள். அது செயலிக்குச் சுமையில்லாதது, ஆட்டக்காரருக்கும் பயன் தருவது.

குரல்

ஒருவரின் குரல் அவருடைய உடலின் ஒரு பகுதி. அதைத் தரவாக நடத்தும் நிறுவனத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2024 ஜூலையில் விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிராகத் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. அதன் மையக் கோரிக்கை செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான பாதுகாப்பு. டென்னசி மாநிலம் 2024-இல் குரலையும் பாதுகாக்கும் எல்விஸ் சட்டத்தை இயற்றியது. குரல் பிரதியில் இறங்குவதென்றால் நடிகரின் எழுத்துப்பூர்வ சம்மதம், எந்த விளையாட்டில் எந்தக் கதாபாத்திரத்துக்கு என்ற வரம்பு, உருவாகும் வரிகளுக்கு ஏற்ற ஊதியம் ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு சொல்லைக்கூட உருவாக்காதீர்கள். தயாரிப்பின் இடைக்கட்டத்தில் வசன நேரத்தை அளப்பதற்கான தற்காலிகக் குரலோடு நின்றுகொள்வது பாதுகாப்பான தொடக்கம்; இறுதிப் பதிவை நடிகர் செய்யட்டும்.

ஆட்களும் ஆவணங்களும்

தொடங்குவதற்கு மூவர் போதும். விளையாட்டுகளில் பணியாற்றிய ஒலி வடிவமைப்பாளர் ஒருவர், இயந்திரக் கற்றல் பொறியாளர் ஒருவர், சி++ தெரிந்து எஞ்சின் செருகுநிரல் எழுதக்கூடியவர் ஒருவர். முதலாமவரைப் பின்னர் ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது தவறு; அவர் பங்குதாரராக இருந்தால்தான் காதுக்குச் சரியில்லாத தயாரிப்பை நிறுத்தும் அதிகாரம் நிறுவனத்துக்குள் இருக்கும். நிறுவனர்களும் பங்களிப்பாளர்களும் எழுதும் அனைத்தும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற ஒப்படைப்பு ஆவணத்தை முதல் வரி நிரலுக்கு முன்பே கையெழுத்திடுங்கள். வேறிடத்தில் பணியில் இருப்பவர் தம் முதலாளியின் உரிமைக்கோரல் வராதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாடிக்கையாளரும் விலையும்

2002-இல் தொடங்கிய லூடம் டேர், 2009-இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் போன்ற நிகழ்வுகளில் சில நாள்களில் விளையாட்டைக் கட்டும் குழுக்களுக்கு ஒலிக்கு நேரமே இருப்பதில்லை. அவர்களிடம் கருவியை இலவசமாகக் கொடுத்தால், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அடுத்து, ஐந்து முதல் இருபது பேர் கொண்ட சிறு நிறுவனங்களை அணுகுங்கள். பெரிய நிறுவனங்களின் சட்டப் பரிசீலனை உங்கள் கையிருப்பைவிட நீண்ட காலம் எடுத்துக்கொள்ளக்கூடும்.

தரத்தை எண்களால் மட்டும் அளக்காதீர்கள். உருவான ஒலிகள் உண்மைப் பதிவுகளை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று கணக்கிடும் ஃப்ரெஷே ஒலித் தூரம் போன்ற அளவுகள் மாதிரிகளை ஒப்பிட உதவும். வடிவமைப்பாளர் எத்தனை ஓசைகளில் ஒன்றை ஏற்கிறார் என்பதே வணிகத்தின் உண்மையான அளவு. பத்தில் ஒன்றுதான் ஏற்கப்படுகிறது என்றால், ஏற்கப்பட்ட ஓசையின் கணினிச் செலவு பத்து மடங்கு. ஒன்பது ஓசைகளைக் கேட்டு ஒதுக்கிய அவர் நேரமும் வீண். விலையையும் இதையொட்டியே அமைக்கலாம். உருவாக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் கட்டணம் வாங்கினால் மாதிரியின் பிழைக்கு வாடிக்கையாளர் பணம் கொடுப்பதாக ஆகும். மாதச் சந்தாவோ, ஏற்றுமதி செய்த கோப்புக்கு மட்டும் கட்டணமோ நியாயமானது. மாதிரியை மேம்படுத்தும் பொறுப்பும் அதனால் உங்கள் தோளிலேயே இருக்கும்.

வாடிக்கையாளர் பதிவேற்றும் ஓசைகள் வெளிவராத விளையாட்டின் இரகசியங்கள். அவற்றை அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுக்க மாட்டோம் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் 2024 ஜனவரியிலிருந்து, முன்கூட்டியே உருவாக்கிய உள்ளடக்கம், ஆட்டத்தின்போது உருவாகும் உள்ளடக்கம் என்று இரு வகையாகப் பிரித்துச் செயற்கை நுண்ணறிவின் பயன்பாட்டைத் தெரிவிக்கக் கேட்கிறது. அந்த விவரத்தை வாடிக்கையாளர் தேடி அலையாதபடி, எந்தக் கோப்பு எந்த மாதிரிப் பதிப்பில் எந்த நாளில் உருவானது என்ற அறிக்கையை ஒரு பொத்தானில் தந்துவிடுங்கள். உரிமைமீறல் இழப்பீட்டுப் பொறுப்பை ஒப்பந்தத்தில் ஏற்கும்போது தொகைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். வரம்பில்லாத பொறுப்பு ஒரே வழக்கில் நிறுவனத்தை மூடிவிடும்.

இன்னொரு பொறுப்பைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வெளியான விளையாட்டு பல ஆண்டுகள் புதிய பகுதிகளைப் பெற்றுக்கொண்டே இருக்கும். மூன்றாண்டு கழித்து அதே அரக்கனின் உறுமலுக்கு இன்னும் பத்து வேறுபாடுகள் கேட்கும்போது, புதிய மாதிரி வேறு தொண்டையில் உறுமக்கூடாது. ஆகவே வாடிக்கையாளர் பயன்படுத்திய மாதிரிப் பதிப்பின் எடைகளையும் ஒவ்வொரு கோப்பின் விதை எண்ணையும் (அதே ஓசையை மீண்டும் பெற உதவும் தொடக்க எண்) அமைப்புகளையும் பாதுகாத்து வையுங்கள். எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பீர்கள் என்பதையும், நிறுவனம் மூடப்பட்டால் அவை வாடிக்கையாளர் கைக்கு எப்படிச் சேரும் என்பதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள்.